காலியாகக் கிடந்த பாதி

நான் பாடம் நடத்தும் கல்லூரியின் சர்வரில் என் ஆராய்ச்சிக் கணக்கை ஓடவிட்டபோது, அதற்கு இருப்பதிலேயே கடைசி முன்னுரிமையை நானேதான் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. மொரப்பூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன். அதையும் யாரும் சொல்லிச் செய்வதில்லை. பழகிப்போன உடம்பு. தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு எப்படி நகர்கிறது என்பதுதான் கணக்கு. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவளுக்கு வேறென்ன ஆராய்ச்சி தோன்றும்? முனைவர் பட்டத்துக்குக் கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. தை முடிவதற்குள் முடிவுகள் கைக்கு வராவிட்டால் பதிவு ரத்து.

ஓடவிட்ட சில நாட்களிலேயே லேப் உதவியாளர் வந்து நின்றார்.

"மேடம், பசங்க புரோகிராம் எல்லாம் இழுக்குதுங்க. உங்களுத நிறுத்துனா சரியா போவுது."

கடைசி இடத்தில் நிற்கும் வேலை யாரை என்ன செய்யும் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது. அந்த இயந்திரத்தில் கணக்குப் போடும் மூளையான ஒவ்வொரு கோரும் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்கிறது. ஒரு பாதியில் மாணவனின் வேலை ஓடும்போது, மறுபாதி காலி என்று நினைத்து என் வேலையை அங்கே உட்கார வைத்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ ஒரே கோர். ஒரு மோட்டாரில் இரண்டு வாய்க்காலையும் திறந்துவிட்டால் இரண்டிலும் தண்ணீர் மெலிந்துதான் ஓடும். யார் முந்தி, யார் பிந்தி என்பது மோட்டாருக்குத் தெரியாது.

சர்வரில் நான் ஒரு விதி எழுதினேன். ஒரு பாதியில் மற்றவர்களின் வேலை ஓடினால், மறுபாதி காலியாகவே கிடந்தாலும் என் வேலை அதைத் தொடக் கூடாது. மாணவர்களின் வேலை வேகமாகப் பறந்தது. துறைத்தலைவர் கூட்டத்தில் பாராட்டினார். என் கணக்கு அப்படியே நின்றது. பகலெல்லாம் வகுப்புகள், இரவெல்லாம் விடுதி மாணவர்களின் புராஜெக்ட். திரையில் பாதிப்பாதியாகக் காலி இடம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். விதியைத் தளர்த்தலாமா என்று பலமுறை கை போனது. மாணவர்களின் முகம் நினைவுக்கு வரும், விட்டுவிடுவேன்.

பொங்கல் விடுமுறையைத்தான் மலைபோல நம்பியிருந்தேன். விடுதி காலியாகும், இயந்திரம் முழுக்க எனக்கே. அந்த நாட்கள் போதும், கணக்கு முடிந்துவிடும். கடைசி வேலை நாளில் மாணவர்கள் பெட்டியோடு பஸ் ஏற, என் வேலை முதல்முறையாக எல்லாக் கோர்களிலும் பரவியது. சந்தோஷமாக ரயிலேறினேன்.

போகியன்று வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். பதில் இல்லை. நெட்வொர்க் கோளாறு என்று தேற்றிக்கொண்டேன். மறுநாளும் இல்லை. கல்லூரி அலுவலக போனை எடுக்க ஆளில்லை. பொங்கல் பானைக்கு முன்னால் நின்றபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லீவுலயும் காலேஜா? பால் பொங்குது பாரு" என்றார் கணவர்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனபோது சர்வர் அறை இருட்டாக இருந்தது. நீண்ட விடுமுறைக்கு முன்னால் எலெக்ட்ரீஷியன் கட்டடம் கட்டடமாகப் போய் மெயினை அணைப்பது எங்கள் கல்லூரி வழக்கம். சர்வருக்கு அது பொருந்தாது என்று நானாக நினைத்துவிட்டேன். தை முடிய இருந்த மிச்ச நாட்களில் மறுபடியும் மாணவர்களின் வேலைதான் ஓடும். இனி முடியாது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, இதையும் அணைக்கச் சொன்னது யாருங்க?" என்றேன் லேப் உதவியாளரிடம்.

அவர் பயந்துபோனார். "எலெக்ட்ரீஷியன் கேட்டாருங்க மேடம், முக்கியமா ஏதாச்சும் ஓடுதான்னு. நான் பாத்துட்டுதான் சொன்னனுங்க. உங்களுது ஒண்ணுதான் ஓடிட்டிருந்துச்சு. அத நீங்கதான கடைசில போட்டு வெச்சிருந்தீங்க?"