மூன்று நாளுக்கு ஒன்று

சித்தப்பா வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் நான் போட்ட ஏழு வட்டங்கள் இருந்தன. அவற்றில் மூன்றை மட்டும் அவர் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். மற்ற நான்கும் அப்படியே நின்றுவிட்டன.

கருக்களாச்சேரியில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். அப்போது மருந்தாளுநர் படிப்பில் முதல் வருடம். ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டுவரை எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ‘தெரியாது’ என்று யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சித்தப்பா விசைப்படகில் தொழில் செய்தவர். வலிப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுவார். போட ஆரம்பித்த பிறகு ஆறு வருடமாக ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கிடந்தபோது, அந்த மாத்திரை எங்கும் கிடைக்காமல் போனது. காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் ஏறாத கடை இல்லை. கையில் பதினொன்று மிச்சம். கடலுக்குப் போக இன்னும் மூன்று வாரம்.

“கரையில விழுந்தா தூக்க ஆளு இருக்கு. கடல்ல விழுந்தா மீனுதான் தூக்கும்,” என்று சிரித்தார் சித்தப்பா. “அதனால கடலுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிரணும். டாக்டரம்மா, நீ கணக்குப் போடு.”

போட்டேன். மூன்று நாளுக்கு ஒன்று வீதம் ஏழு; மீதி நாலு கடலுக்கு. “இது போதுமா?” என்று கேட்டார். போதும் என்றேன். மருத்துவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று சித்தி இழுத்தார். “நம்ம வீட்டுலயே டாக்டரு இருக்கயில எதுக்குடி ஊரான் வீட்டு டாக்டரு?” என்றார் சித்தப்பா. எனக்கு அது இனித்தது.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் சாய்ந்தார். தூக்க ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாறு பேர் ஓடிவந்தார்கள். ஆனால் வலிப்பு நிற்கவேயில்லை. ஆட்டோ ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த பருவத்தில் வகுப்பில் ஆசிரியை சொன்னார்: வலிப்பு மாத்திரையைத் தானாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது; கிடைக்காவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அதே மருந்து வேறு பெயரில் இருக்கும், இல்லாவிட்டால் அவர் மாற்றிக்கொடுப்பார். எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

மருந்து கிடைக்காததால்தான் புருஷன் போனார் என்று சித்தி ஊரெல்லாம் சொன்னார். நான் திருத்தவில்லை.

இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் சித்தியின் ரத்த அழுத்த மாத்திரை எங்கள் கடையிலேயே இல்லை. “ஒண்ணுவிட்டு ஒரு நாளு போட்டுக்கவா? நீ சொன்னா சரி,” என்றார் சித்தி. அதே நம்பிக்கை, துளிகூடக் குறையாமல். கடையில் சொல்லிவிட்டு அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். “இதுக்குப் போயி இம்மாந் தூரமா” என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். மருத்துவர் இரண்டே நிமிடத்தில் வேறொரு மாத்திரை எழுதினார். கீழே இருந்த மருந்தகத்திலேயே அது கிடைத்தது.

வெளியே வந்து மர நிழலில் நின்ற சித்தி, புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்க சித்தப்பாவுக்கும் இப்படி ஒண்ணு எழுதிக் குடுத்திருப்பாங்களா?”

“குடுத்திருப்பாங்க சித்தி.”

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்துத் தள்ளி உட்கார்ந்தார்.