விமலா அக்கா வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது

விமலா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை... மாரடைப்பு.

ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா வீடு இருக்கும் குட்மேய்ஸுக்குப் போகும் ரயில் மூன்றை விட்டுவிட்டேன்.

மாஸ்டர்ஸ் படிக்கத் திருச்சியிலிருந்து வந்த எனக்கு லண்டனில் முதல் அறை கொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். கீழே அவரும் மகள் தர்ஷியும், மாடியில் நாங்கள் மூன்று மாணவிகள்.

தினமும் நாலு மணிக்கு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே மெசேஜ். "இரவுக்கு ஆர் ஆர் சாப்பிடுறியள்?" பதில் போடாவிட்டால் வந்து கதவைத் தட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவிடமிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்தால், இங்கே இன்னொரு அம்மாவா?

இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடத்தில் ஃபெயில். வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அட்டெண்டன்ஸ் கேட்டு மெயில் மேல் மெயில்... விசாவே போய்விடும் நிலைமை. ஊரில் கேட்டால், "சூப்பரா போகுதும்மா."

பிறகு போனையும் அணைத்துவிட்டேன். மூன்று நாள். அம்மா பயந்துபோய் அக்காவைக் கூப்பிட, அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். "பிள்ளை வகுப்புக்குப் போறேல்லை. அறைக்குள்ளயே கிடக்குது. எனக்கும் பயமாக் கிடக்கு."

அன்று சமையலறையில், தர்ஷி பார்த்துக்கொண்டிருக்க, நான் கத்தினேன். "வாடகைக்கு ரூம் விட்டீங்க. அதோட நிறுத்திக்கங்க. எனக்கு அம்மா மாதிரி நடிக்காதீங்க."

அவர் அடுப்பை அணைத்தார். "சரி பிள்ளை. இனிக் கேக்கமாட்டன்."

அடுத்த வாரமே லண்டனின் மறுகோடியில் இருக்கும் சட்டனுக்கு மாறிப் போனேன்.

வீட்டுக்குத் தெரிந்துவிட்டதால் ஒளிக்க எதுவும் மிச்சமில்லை. அந்தப் பாடத்தை மறுபடி எழுதிப் பாஸ் ஆனேன். வேலை கிடைத்தது. தனியாக எடின்பரோ போனேன், லிஸ்பன் போனேன். திருச்சியில் தெருமுனைக் கடைக்கே அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டவள், மொழி தெரியாத ஊரில் வழி கேட்டு நடந்தேன். கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஆனால் அக்கா என்னைக் குரூப்பிலிருந்து நீக்கவே இல்லை. நானும் வெளியேறவில்லை.

லிஸ்பனில் டிராமில் நிற்கும்போது அந்த மெசேஜ் வந்தது. "வேண்டாம் அக்கா, வெளியூரில் இருக்கேன்" என்று டைப் செய்தேன். அழித்துவிட்டேன். நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்... நினைத்து நினைத்தே ஒன்றரை வருடம் போய்விட்டது. தெரியாத ஊருக்குப் போன எனக்கு, தெரிந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தர்ஷி கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்றுதான் எடுத்தேன்.

மரண அறிவித்தல் எழுதுகிறாளாம். யாருக்கு யார் என்ன உறவு என்று வரிசையாகப் பெயர் போடுவது அவர்கள் வழக்கம்.

"அக்கா, உங்கட முழுப்பேர் சொல்லுங்கோ. பெறாமக்கள் எண்ட இடத்தில போடோணும்." அக்கா தங்கையின் பிள்ளைகளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பெறாத பிள்ளைகள் என்று.

"தர்ஷி... நான் அவ்வளவு பேசினேனே."

"ஓம், நான் பக்கத்தில நிண்டனான்தானே. ஆனா ஆரும் கேட்டா, என்ர பெறாமகள் ஒருத்தி சட்டனில இருக்கிறாள் எண்டுதான் அம்மா சொல்லுவா. கெதியா வாங்கோ அக்கா. நான் தனிய நிக்கிறன்."

பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ரயில் வந்துவிட்டது. ஏறுகிறேன்.

அக்கா... அன்று உங்கள் மகள் முன்னால் பேசினேன். இன்று இதைப் படிக்கும் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நான் பேசியது தப்பு.