சாட்சி சொன்ன வேலம்மாள்

திருச்சுழிப் பக்கம், 1968. பம்புசெட்டுத் தகராறில் வெளியூர்க் கூலிக்காரர் ஒருவரின் கையை உள்ளூர்க்காரன் ராஜகுரு அடித்து முறித்தான். அதைப் பார்த்தவள், அவனுடைய அண்ணன் மனைவி வேலம்மாள் மட்டும்தான். கணவனை இழந்தவள்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் அதட்டினார். "நம்ம ஆளை நாமளே காட்டிக் குடுக்கவா? கோர்ட்டுல பாக்கலைன்னு சொல்லிரு. மீறுனா ஊர்க் கெணத்துப் பக்கம் வரக்கூடாது."

அருப்புக்கோட்டை கோர்ட்டில் வேலம்மாள் கூண்டேறினாள். எதிரே சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மடங்காத கையோடு கூலிக்காரர் ஓரமாக நின்றார். பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டாள். ராஜகுருவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மறுநாள் கிணற்றடியில் ஆண்கள் மறித்தார்கள். "பொறந்த ஊருக்கே போயிரு."

"எதுக்குப் போகணும்? இது எனக்கும் ஊருதான்" என்றவள், வாளியை உள்ளே இறக்கினாள். அவள்மீது கைவைக்க யாரும் துணியவில்லை. பல வருஷம் அவளோடு பேசவும் இல்லை.