கேதாரம் போகிற பை

பூஜை விடுமுறை வந்துவிட்டால் கல்கத்தாவை ஒட்டிய எங்கள் உத்தர்பாராவில் பாதி வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும். பூரி, டார்ஜிலிங், ஹரித்வார் என்று ஆளுக்கொரு திசையில் குரங்குக் குல்லாவும் அரிசி மூட்டையுமாகக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்திலும் கருணாமய் சமாத்தார் தனி ரகம். சணல் ஆலையில் குமாஸ்தா வேலை. ஆனால் அவர் மனசாரச் செய்தது ரயில் கால அட்டவணை படிப்பதைத்தான். சாப்பிடும்போது படிப்பார், காய்ச்சலில் படுத்தாலும் படிப்பார். ஒரு பயணம் முடிந்து மூட்டை பிரிக்குமுன்பே அடுத்ததற்குப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்துவிடுவார். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்பதுவரை அந்தத் தாளில் இருக்கும். முப்பது வருஷமாக உறவுக்காரர்களை அவர்தான் மேய்த்துக்கொண்டு போகிறார். ஒரு வண்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. அந்த கர்வம் அவருக்கு உண்டு, மறைக்கவும் மாட்டார்.

போகாமல் விட்டது கேதாரம் ஒன்றுதான். மூன்று தடவை திட்டம் போட்டு மூன்று தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. இந்த வருஷம் ஒன்பது பேருக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்தாகிவிட்டது. அப்போதுதான் படியேறும்போது நெஞ்சைப் பிடித்தது. மனைவி சுலேகாவுக்குச் சொல்லாமல் கல்கத்தா போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு கடிதமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்: ஐயாயிரம் அடிக்கு மேல் ஏறக்கூடாது, ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. கேதாரம் பதினோராயிரத்து எழுநூறு அடி. அது கருணாமய்க்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நாலு மாத்திரைகளின் பெயரும் அதில்தான் இருந்தது. நாட்டிலுள்ள அத்தனை சந்திப்பு நிலையங்களும் மனப்பாடமான மனிதருக்கு நாலு மாத்திரைப் பெயர் மண்டையில் ஏறவில்லை. அதனால் டிக்கெட்டோடு சேர்த்துத் தோள்பையின் உள்ளறையில் வைத்தார். வண்டி ஹௌராவை விட்டு நகரும்வரை சுலேகா கண்ணில் அது படக்கூடாது. பட்டால் கேதாரம் இந்த ஜென்மத்தில் இல்லை.

கிளம்பும் நாள் வியாழக்கிழமையாகப் போயிற்று. வியாழன் பிற்பகலில் எங்கள் ஆட்கள் வாசற்படி தாண்ட யோசிப்பார்கள். அவர் அக்கா ஹேம்தீதி பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"காலையில ஒன்பதே முக்காலுக்கு நல்ல நேரம். ஏதாவது ஒரு மூட்டையை அப்பவே வெளியே அனுப்பிடுடா. மூட்டை கிளம்பிட்டா நாம கிளம்பின மாதிரி."

"ரயிலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது தீதி."

"உனக்குத் தெரியணுமே! தலை நரைச்சு என்ன பிரயோஜனம்?"

கருணாமய்க்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று சொன்னபடி கேட்டார். சுலேகா பகலெல்லாம் மூட்டைகளைத் திறந்து திறந்து அடுக்குவாள். தோள்பை வீட்டிலேயே இல்லாவிட்டால் யார் துழாவப்போகிறார்கள்? எதிர்வீட்டு ஹால்தார் கையில் அதைக் கொடுத்து, "மாலையில வாங்கிக்கறேன்" என்றார். தன் சாமர்த்தியத்தை நினைத்து உள்ளுக்குள் சிரித்தும் கொண்டார்.

மாலை ஐந்தரைக்கு டாக்சிகள் இரண்டும் வந்து நின்றன. எட்டேகாலுக்கு டூன் எக்ஸ்பிரஸ். லுச்சி என்கிற மைதா பூரியும் உருளைக்கிழங்கும் கட்டியாயிற்று. பையை வாங்கிவரப் போன சுலேகாவின் தம்பி தேபு வெறுங்கையோடு திரும்பி வந்து அத்தானைக் கூப்பிட்டான்.

"ஜாமாய்பாபு, ஹால்தார் வீடு பூட்டியிருக்கு."

"நல்லாப் பாருடா."

"பூட்டைப் பார்க்கக் கண்ணாடியா வேணும்? பக்கத்து வீட்டுல சொல்றாங்க, அவர் சிநேகிதர் கூட்டத்துல ஒருத்தர் வரலையாம். மத்தியானம் ஒரு இடம் காலியாம். அரை மணியில துண்டைச் சுருட்டிட்டு தீகா கடற்கரைக்கு பஸ் ஏறிட்டாராம்."

குற்றம் சொல்ல முடியுமா? கருணாமய்யே அப்படிப் போயிருப்பார். டிக்கெட் உள்ளே, ஆள் கடற்கரையில். தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை, யோசனைக்கு ரெண்டு சண்டை. ஹேம்தீதி மட்டும், "நல்ல நேரத்துல கிளம்பின பை, கெட்டுப் போகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அப்படியே கங்கையில் தள்ளிவிடலாமா என்றிருந்தது கருணாமய்க்கு.

மணி ஆறு. தேபு கடப்பாரை கொண்டுவந்தான்.

"வேண்டாம்டா, நானே உடைக்கிறேன்," என்று கருணாமய் பாய்ந்தார்.

"உங்களுக்கு எதுக்கு? ஒதுங்குங்க."

பூட்டு நாலாவது அடியில் கழன்றது. கருணாமய் முதல் ஆளாக உள்ளே நுழையப் பார்த்தார். வாசலில் அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் அவரால் முன்னேற முடியவில்லை. மூச்சு வாங்கியது. தேபு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தான். பை நேராகச் சுலேகா கைக்குப் போனது.

"கொடு, நான் வச்சுக்கறேன்," என்றார்.

"போதும் உங்க பத்திரம். டிக்கெட்டை என் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மூச்சு வரும்."

"நேரமாகுது சுலேகா. வண்டியில பார்த்துக்கலாம்!"

அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அவளுக்குச் சந்தேகம் வந்ததே அந்தக் குரலால்தான். உள்ளறையைத் திறந்தாள். டிக்கெட் வந்தது, அதோடு மடித்த கடிதமும் வந்தது. தெருவிளக்குக்கு அடியில் நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். தேபு மணி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் விழவில்லை.

"தேதி போன மாசம்," என்றாள்.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க…"

"சுமங்கலின்னு போட்ட இந்தச் சங்கு வளையலை நான் கேதாரத்துல உடைச்சுட்டு வரணுமா? அதையும் உங்க காலண்டர் தாள்ல எழுதியிருக்கீங்களா? எந்த நாள், எத்தனை மணிக்குன்னு?"

ஹேம்தீதி கடிதத்தை வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் வராது, தம்பி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"இந்த வருஷம் விட்டா இனி இல்ல சுலேகா," என்றார் கருணாமய். கெஞ்சினார், எல்லார் முன்னாலும். "நாற்காலியில உட்கார்ந்து சாகறதுக்கு…"

"அப்போ என்கிட்ட சொல்லிட்டுச் சாகறதுக்கென்ன?"

ஆறு இருபது ஆகிவிட்டது. போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் எல்லாம் போச்சு. சுலேகா டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் ஏறுங்க. நாங்க ரெண்டு பேரும் ஹரித்வாரோட சரி. மேல தேபு கூட்டிட்டுப் போவான்."

"அவனா? அவனுக்கு மலையடிவாரத்துல கௌரிகுண்டுல குளிக்க எந்தப் படி இறங்கணும்னுகூடத் தெரியாதே!"

"எழுதிக் கொடுங்க."

டாக்சியில் காலண்டர் தாள்களையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் அவர் தேபுவிடம் ஒப்படைத்தார். பிள்ளையைப் பிறத்தியார் வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதுபோல் ஒவ்வொரு தாளாகக் கொடுத்தார். டாக்சி அடுத்த ஊரான பாலியைத் தாண்டியது. பிறகு சுலேகா, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஹரித்வார்ல எட்டு நாள் என்ன பண்ணுவோம்?"

அவர் கை சட்டைப்பையில் பென்சிலைத் தேடியது. பயணத் திட்டம் போடும் வியாதிக்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. "ரிஷிகேஷ்," என்றார் மெதுவாக. "காலையில பாசஞ்சர் இருக்கு. அங்கேருந்து டேராடூன் போயிட்டு…"

"எத்தனை அடி உயரம்?"

"ரிஷிகேஷா? ஆயிரத்து இருநூறுதான்…"

"வாயால சொல்லாதீங்க. இனி உங்க வாயை நான் நம்பறதா இல்ல. எழுதுங்க."

டாக்சியின் குலுக்கலில் பென்சில் ஓடியது. ஊர்ப்பெயர், பக்கத்தில் உயரம். அவள் தாளைப் பிடுங்கித் தேபுவிடம் நீட்டி, புத்தகத்தில் தேடச் சொன்னாள். தேபு பக்கங்களைப் புரட்டி, விரலால் தடவி, தலையை ஆட்டினான். எண் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் சுலேகா அழுதாள்.