தங்கை கல்யாணமும் முதீரின் துப்பாக்கியும்

என் தங்கை கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஒரு துப்பாக்கியை ஒழுங்காகப் பழுதுபார்த்ததுதான் காரணம். கொஞ்சம் மோசமாகப் பார்த்திருந்தால் போயிருப்பேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் சவூதியில், ஜுபைலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் மெக்கானிக்காக இருந்தேன். தை மாதம் கல்யாணம். ஓமத்தில் இடுகிற பொரியை மணப்பெண் கையில் அள்ளிப் போடவேண்டியவன் அவள் அண்ணன். எங்கள் வீட்டில் அண்ணன் என்று இருந்தது நான் ஒருவன்தான். லீவு பேப்பரில் முதீர், அதாவது எங்கள் மேனேஜர், கையெழுத்துப் போடவேண்டும். பாஸ்போர்ட்டும் அவர் மேசை டிராயரில்தான். டிராயர் சாவி அவருடைய ஜீப் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கியது.

பேப்பரை நீட்டினேன். அவர் மேசைக்கடியிலிருந்து நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே பறவை சுடுகிற காற்றுத் துப்பாக்கி. வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கிழவன் பல் மாதிரி எல்லாம் ஆடியது.

"நீ கேஸ் ஆள்தானே? இதுவும் கேஸ்தான். முதலில் பந்தூக், அப்புறம் லீவு" என்றார், தனக்குத் தெரிந்த இந்தியில்.

"ஆயிடும் முதீர்" என்றேன். அதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் மும்பையில் ஆள் எடுத்தபோது எதைக் கேட்டாலும் 'தெரியும்' என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் விமானம் ஏறியிருந்தோம். அந்தப் பழக்கம் பிறகு விடவில்லை.

பழைய காற்றுத் துப்பாக்கிகளில் ஸ்பிரிங் இருக்கும். இதில் அதற்குப் பதில் கேஸ் அடைத்த பிஸ்டன். வேன்களின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த ஜாதி. அதைத் தொடவே கூடாது என்பது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. நல்லவேளை, தொடத் தேவையும் இல்லை. ஆடியது வெளியே: மரக்கட்டையைக் குழாயோடு பிடிக்கும் திருகுகள், குழாய் மடங்குகிற இடத்தின் போல்ட், மேலே தொலைநோக்கியைக் கவ்வும் கிளாம்ப். அல்லன் கீ போட்டு இறுக்கினேன். பத்து முறை சுடுவதற்குள் மறுபடி எல்லாம் கழன்றன. ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கொடுத்த உதையில் திருகுகள் தாமாகவே லீவு எடுத்துக்கொண்டன. யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை.

ஸ்டோர் கீப்பரிடம் போனேன். கீழக்கரைப் பக்கத்துக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'காக்கா' என்றுதான் கூப்பிடுவேன்.

"காக்கா, திருகு கழலாம இருக்க அந்த நீலப் பசை வேணும். சின்ன வாஷர் ஒண்ணும் வேணும்."

"முதீர் துப்பாக்கிக்கா? பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டியா?"

"வேலை முடியட்டும் காக்கா."

"ஒனக்குக் கிறுக்கா தம்பி? சாமான் ஒன் கையில இருக்கும்போதே வாங்கு. கொடுத்த பொறகு நீ யாரு, அவரு யாரு?"

"வேலையப் பாத்தா அவரே போட்டுக் குடுப்பாரு."

"நீ நெறைய புஸ்தகம் படிக்கிறே. அதான் இப்படி இருக்கே" என்று பசையைக் கொடுத்தார்.

திருகுகளைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒரு சொட்டுப் பசை வைத்து இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். போல்ட்டுக்கு வாஷர் வைத்தேன். அப்போது அங்கே வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை. புதன்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலி மோர் அட்டைப்பெட்டி ஒன்றை நிறுத்தி முதீர் ஐந்து முறை சுட்டார். ஐந்தும் ஒரே ஓட்டையில். "மியா மியா!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். நூற்றுக்கு நூறு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில்கூட நான் வாங்காதது.

அங்கேயே நின்று, வேட்டைக்கு வரச்சொல்லித் தன் மச்சினனுக்குப் போன் போட்டார். துப்பாக்கி ஜீப்பில் ஏறியது.

"முதீர், பேப்பர்?"

"சனிக்கிழமை. வந்ததும் முதல் வேலை. யல்லா!"

சாவி வளையம் ஜீப்போடு பாலைவனத்துக்குப் போனது. எனக்குச் சனிக்கிழமை ராத்திரி விமானம். அடுத்த புதன் முகூர்த்தம். சனிக்கிழமை அவர் வரவில்லை. பாலைவனத்தில் போனும் எடுக்காது. அவருக்கு மேலே இருந்தவரிடம் போனேன். "உன் முதீர் எங்கே?" என்றார். வேட்டைக்கு என்றேன். "அவர் வரட்டும்" என்றார்.

முகூர்த்த நேரத்தில் ஒரு கம்ப்ரஸருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். காக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பத்தாம் நாள் முதீர் வெயிலில் முகம் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்தார். மூன்று நாளில் திரும்புவதாகத்தான் இருந்தாராம். துப்பாக்கி இவ்வளவு நன்றாகச் சுடும்போது எப்படித் திரும்புவது என்று என்னையே கேட்டார். சுத்தம் செய்யக் கொடுத்தார். அல்லன் கீ வைத்துப் பார்த்தேன். ஒரு திருகுகூட மயிரிழை நகரவில்லை. பேப்பரில் உடனே கையெழுத்துப் போட்டு, கேட்காமலே ஐந்து நாள் கூட்டியும் கொடுத்தார்.

ஊருக்குப் போனபோது வாசலில் பந்தல்கால் நட்ட குழி இன்னும் மூடாமல் இருந்தது. பொரி போட்டது சித்தப்பா மகன். "பாதியக் கீழ சிந்திட்டாண்ணே" என்றாள் தங்கை. குருவி சுடுகிற துப்பாக்கிக்குத் திருகு முடுக்கினேன் என்று சொல்ல வாய் வராமல், பிளான்ட்டில் திடீர் ஷட்டவுன் என்று போனிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

அப்பா அதை நம்பினார். கல்யாணத்துக்கு வந்திருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியும் இருக்கிறார்: "எம் பையன் கை வைக்கலன்னா அங்க ஒண்ணும் ஓடாதுங்க."