அப்பாவின் வினாத்தாளும் என் மூன்று மதில்களும்

எட்டாம் வகுப்பு முழுஆண்டுப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் கொன்றேன். கொன்றதாகத்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ஆபீஸில் கம்ப்யூட்டர் இரண்டு நொடி தயங்கினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பக்கத்து சீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை நீட்டுவார்.

அப்பா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சமூக அறிவியல் ஆசிரியர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன். கேட் வரைக்கும் அவர் அப்பா, கேட்டுக்குள் சார். முந்தைய வருஷம் வரை வினாத்தாளைக் கையால் எழுதி அச்சகத்துக்கு அனுப்புவதுதான் வழக்கம். அந்த வருஷம் தலைமை ஆசிரியர், எட்டாம் வகுப்பு வினாத்தாளை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும்படி அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரே ஆசிரியர் அப்பாதான். அந்தப் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. இரண்டே விரலால் ஒரு மாதம் அடித்தார். வரைபடக் கேள்விக்கு ஒரு கோடு போட மட்டும் ஒரு சாயங்காலம் ஆனது. பரீட்சை முடியும்வரை கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அக்காவைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் லால்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். என் பையில் திருவானைக்காவல் நண்பன் கொடுத்த கார் பந்தய சிடி இருந்தது. அவர்கள் தெருமுனை திரும்பியதும் சிடி உள்ளே போனது. கார் பத்து நிமிஷம் ஓடியது. பிறகு நான் தொடாமலேயே திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்க ஆரம்பித்தது. ஒன்றை மூடினால் நான்கு வந்தன. எனக்குப் பரிசு விழுந்திருப்பதாக எல்லா ஜன்னலும் ஆங்கிலத்தில் வாழ்த்தின.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"வைரஸ் வந்துருச்சுக்கா."

"உனக்கா, அதுக்கா?"

"விளையாடாதக்கா. அப்பா வரதுக்குள்ள எடுக்கணும்."

"எடுக்கலேன்னா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே நாள்ல காரியம்" என்று சொல்லிவிட்டுத் தலை பின்னப் போய்விட்டாள்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த இலவச சிடியில் வைரஸ் ஒழிக்கும் மென்பொருள்கள் இருந்தன. ஒன்று போட்டால் போதும் என்று அதன் அட்டையிலேயே எழுதியிருந்தது. ஆனால் நான் ஸ்ரீரங்கத்துப் பையன். எங்கள் ஊரில் பெருமாளுக்கே ஏழு மதில். அவருக்கே ஏழு வேண்டியிருக்கும்போது, சிடியைக் கடன் வாங்கி விளையாடுகிற எனக்கு ஒன்று எப்படிப் போதும்? ஏழு கிடைக்கவில்லை, மூன்றுதான் இருந்தது. மூன்றையும் போட்டேன்.

முதலாவது இரண்டாவதைப் பார்த்துத் திருடன் என்றது. இரண்டாவது முதலாவதைப் பிடித்துப் பூட்டப் போவதாக அறிவித்தது. மூன்றாவது இருவரையும் என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்டது. எல்லாவற்றுக்கும் 'சரி' என்பதை அழுத்தினேன். மதில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன, வைரஸ் நடுவில் நிம்மதியாகப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி நானே இறங்க வேண்டியதுதான் என்று முடிவுசெய்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு அறையாகப் போய், பெயர் பிடிக்காத கோப்புகளை அழித்தேன். உயிரெழுத்தே இல்லாத ஆங்கிலப் பெயர் என்றால் அது வைரஸ் என்பது அப்போது நான் கண்டுபிடித்த விதி. பதினேழு கோப்பு போனது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். ஆச்சரியம், ஜன்னல்கள் வரவில்லை. சக்கரத்தாழ்வாரைப் பன்னிரண்டு சுற்று சுற்றுவதாக வேண்டியிருந்ததை அந்த நிமிஷமே ஆறாகக் குறைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அப்பாவின் வினாத்தாளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உறுதிசெய்யத் திறந்தேன்.

தமிழே இல்லை. மேலிருந்து கீழ்வரை கமா, கொக்கி, தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்து, நடுநடுவே ஓர் ஆச்சரியக்குறி. நூறு மதிப்பெண்ணும் அந்தக் கோலத்தில் கிடந்தது. வைரஸ் சாகும் முன் அப்பாவின் ஒரு மாத உழைப்பைக் கடித்துத் துப்பியிருக்கிறது என்று புரிந்தது. ஆறைப் பன்னிரண்டாக்கினேன். இருபத்துநான்காக்கினேன். கோப்பை மூடி மூடித் திறந்தேன். அக்கா வந்து பார்த்து, "இது என்னடா, ரஷ்யாவுக்குப் பரீட்சையா?" என்றாள்.

அப்பா தாம்பூலப் பையோடு உள்ளே நுழைந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"கேம் போட்டேன்ப்பா. வைரஸ் வந்துச்சு. எடுத்துட்டேன். ஆனா அது உங்க கொஸ்டின் பேப்பரைத் தின்னுருச்சு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தின்னுருச்சுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"திறந்து பாத்தேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன்!

"படிச்சியா?"

"படிக்க முடியலப்பா. எல்லாம் கமாவும் கொக்கியுமா இருக்கு."

அப்பா உட்கார்ந்து திரையைப் பார்த்தார். பார்த்த உடனே மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்தார். அதை உள்ளே போடப் போனவர், பாதியில் கையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார். "சரி, போய்ச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். அந்தக் குழப்பத்துக்கு நாலு அடி வாங்கியிருந்தால் தேவலை.

அந்த வருஷம் வினாத்தாளை வேறொரு ஆசிரியர் கையால் எழுதித் தந்தார். இமயமலைக்குப் பத்து மதிப்பெண் வைத்திருந்தார். நான் நாற்பத்தொன்று வாங்கினேன். எல்லாம் வைரஸால் வந்த வினை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் என்னுடைய தமிழ்க் கட்டுரை ஒன்று அதே கமாவும் கொக்கியுமாகத் திறந்தது. அலறினேன். கடைக்காரர் எழுந்துகூட வரவில்லை. "ஃபாண்ட் இல்ல தம்பி, அவ்ளோதான்" என்று சொல்லி, தமிழ் எழுத்துரு ஒன்றை ஏற்றினார். ஒரு நிமிஷத்தில் கட்டுரை முழுசாகத் திரும்பி வந்தது. எந்த வைரஸும் எதையும் தின்னவில்லை. நான் அழித்த பதினேழில் அப்பாவின் எழுத்துருவும் ஒன்று. டிராயரில் இருந்த பிளாப்பிக்குள் இருந்தது அந்த எழுத்துருதான். போட்டிருந்தால் அந்த இடத்திலேயே நூறு மதிப்பெண்ணும் என் கண்ணெதிரே தமிழில் எழுந்து நின்றிருக்கும்.

அப்படியானால் ஏன் வேறு வினாத்தாள்? அப்பாவிடம் கேட்கத் துணிவு வரவில்லை. அப்பாவின் பணிநிறைவு விழாவில், அந்த இமயமலை ஆசிரியரே என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்.

"மறுநாளே உங்கப்பா பேப்பரை சுத்தமா பிரிண்ட் எடுத்துக் கொண்டாந்து எச்.எம். மேஜைல வச்சாருப்பா. அழகா இருந்துச்சு, அச்சுல போட்ட மாதிரி. 'என் வீட்ல இது பத்திரமா இல்லாம போச்சு சார், வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க'ன்னாரு. யாரு, என்னன்னு எச்.எம். எவ்வளவோ கேட்டாரு. உன் பேரை எடுக்கவே இல்ல. அப்புறம் அவருக்கு அந்த வேலையைக் குடுக்கவே இல்ல."

படிக்க முடியவில்லை என்று நான் சொன்னதை அப்பா நம்பினாரா, இல்லையா? எனக்கு இன்றும் தெரியாது. நம்பியிருந்தாலும் என் வகுப்பில் மற்ற நாற்பது பேருக்கு அதை எப்படி நிரூபிப்பார்?

இது எதுவும் புரியாமல்தான் அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் முழுக்க, கேட்டுக்கு இந்தப்பக்கம் அவர் அப்பாவாக இருந்த நேரத்திலெல்லாம், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் காதில் கத்திக்கொண்டே போனேன்: "கவலைப்படாதீங்கப்பா, போன பேப்பர் போகட்டும். புதுசா ஒண்ணு அடிச்சுடலாம். நீங்க கேள்வியைச் சொல்லுங்க, நானே டைப் பண்ணித் தரேன்."