கீரி தாண்டிய பள்ளம்

அந்த வீடியோ கேமின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேசட்டில் ஒட்டியிருந்த தாளில் சீன எழுத்தோ ஜப்பானிய எழுத்தோ, ஏதோ ஒன்று. பழுப்பு நிறப் பிராணி ஒன்று, முதுகில் சின்ன மூட்டையோடு பாறைக்குப் பாறை தாவி ஓடும். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் திண்டுக்கல் பொருட்காட்சியில் வாங்கியது. அவள் அதை நரி என்பாள். என் கணவர் கீரிதான் என்று அடித்துச் சொல்வார்.

போன வருடம் மழைக்காலத்தில் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டியவர். பேச்சு சீக்கிரமே திரும்பியது, நடையும் ஓரளவு வந்துவிட்டது. இடது கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண், பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து வேறு கிண்ணத்தில் போடச் சொன்னாள். அவர் கிண்ணத்தையே தள்ளிவிட்டார்.

"நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?"

"விரல் அசையணும் அக்கா. எதை வச்சு அசைஞ்சா என்ன?" என்றாள் அவள் என்னிடம்.

அப்போதுதான் பரணில் கிடந்த கேம் ஞாபகம் வந்தது. கீரியை ஓட வைப்பது இடது கட்டைவிரல், குதிக்க வைப்பது வலது. டிவியின் பின்னால் பழைய ஒயர் செருக இடம் இருந்ததால் தப்பித்தோம்.

பிடித்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம். மூன்றாவது கட்டத்தில் உடைந்த பாலம் ஒன்று உண்டு. ஓடிவந்து தாண்ட வேண்டும். இடது விரல் ஒரு கணம் பிந்தும், கீரி பள்ளத்தில் விழும், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். அவர் நாற்காலிக் கையை அடிப்பார். நெற்றி நரம்பு புடைக்கும். டாக்டர் கோபமே கூடாது என்று சொல்லியிருந்தார். விரலுக்கு நல்லது என்று நான் கொண்டுவந்து கொடுத்ததே இன்னொரு தாக்குதலுக்கு வழி செய்துவிடுமோ?

"போதுங்க, நாளைக்கு ஆடலாம்."

"உனக்கு வேற சோலி இல்லையா? அங்கிட்டுப் போ."

ஒருநாள் மதியம் வெளியே மூடுபனி. அடுப்படியில் நின்ற எனக்குக் குதிக்கிற சத்தம் நின்றது கேட்டது. வேறு சத்தமும் இல்லை. ஓடினேன். கேம் ரிமோட் தரையில் கிடந்தது. அவர் வாய் லேசாகத் திறந்திருக்க, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க! ரெண்டு கையையும் தூக்குங்க. சிரிங்க. என் பேரு என்ன, சொல்லுங்க!"

திரும்பவும் பக்கவாதமா என்று இப்படித்தான் பார்க்க வேண்டும் என டாக்டர் சொல்லியிருந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கத்தாத," என்றார் மெதுவாக. "பாலத்தைத் தாண்டிருச்சு. நான் விரலை நினைக்கவே இல்ல. அதுவா அமுக்குனுச்சு."

திரையில் கீரி அந்தப் பக்கத்துப் பாறையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் கண்ணீர். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. ரத்த அழுத்தக் கருவியை மாட்டினேன். அளவு நன்றாக ஏறியிருந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றாலும் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக எதுவும் இல்லை, வந்தது நல்லது என்று சொல்லி டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

கணவர் கேட்ட ஒரே கேள்வி, "கேம் ஆடலாமா சார்?"

"ஆடுங்க. கோவம் வந்தா நிறுத்திரணும்."

கோபம் வந்துவிட்டதா என்று யார் முடிவு செய்வது? அதற்கே எங்களுக்குள் தினமும் சண்டை. நான் பூண்டு உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இடது கை சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறது, வலது கை பொத்தான் போடுகிறது. வேன் சாவியை அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.